மாலை போட்ட முகம்

ஹெப்ரான் வாத்தியார் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகிறார், வாழைக்காய் முற்றல் என்று சண்டை போடுகிறார், ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் முன்வரிசையில் நின்று கீர்த்தனை பாடுகிறார், இரவில் இரண்டு சப்பாத்தி தின்றுவிட்டு மூன்றாவது வேண்டாம் என்று சொல்லி அதையும் தின்கிறார். அவர் செத்தது 'தகப்பன்வீட்டுத் தங்கம்' என்கிற தொலைக்காட்சித் தொடரில். அதில் அவருக்குச் சபாபதி என்று பெயர். தங்கமான மனுஷன், ஊருக்கே பெரியவர், ஒரே மகள் மரகதத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர். கூடப்பிறந்த தம்பியே பாயசத்தில் விஷத்தைக் கலந்து கொடுத்துவிட்டான், பாவி.

தொடர் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் இந்தக் கொலை நடந்து முடிந்தது. சாவு வீட்டை மட்டும் ஒரு வாரம் காட்டினார்கள். அதன்பிறகு சபாபதியின் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, மாலை சாத்திக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். மரகதத்துக்கு ஏதாவது கஷ்டம் வந்தால் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்று அழுவாள். மரகதத்துக்கு என்றைக்குத்தான் கஷ்டம் இல்லை? ஆகவே ஹெப்ரான் வாத்தியார் தினமும் திரையில் வந்தார். அவர் மேல் காமிரா பைய நகர்ந்து போகும், பின்னால் வயலின் அழும், மாலை லேசாக ஆடும். ஒரு தடவை மாலையிலிருந்து பூ ஒன்று உதிர்ந்தது. அன்றைக்குத் தெற்குச் சீமையில் அழாத பெண்பிள்ளை கிடையாது.

இதற்கிடையில் தொடரில் மற்றவர்கள் எல்லோரும் மாறிப்போனார்கள். மரகதமாக நடித்த பெண்களில் ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது, ஒருத்தி சினிமாவுக்குப் போனாள், ஒருத்தி கோபித்துக்கொண்டு போனாள். இப்போது இருப்பவள் சித்ரலேகா என்று நாலாவது பெண். சபாபதியின் மனைவியாக நடிப்பது மூன்றாவது ஆள், மகளைவிட இளையவள் என்று பேச்சு. விஷம் வைத்த தம்பியும் ஒரு தடவை மாறினான். 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டையைக் காட்டிவிட்டுக் கதையை ஓட்டிக்கொண்டு போவார்கள். வீடு மாறியது, வீட்டு நாய் மாறியது. மாறாதது சுவரில் இருந்த சபாபதி மட்டும்தான்.

ஆயிரமாவது நாள் விழாவுக்கு ஹெப்ரானைச் சென்னைக்கு வரவழைத்துக் கேடயம் கொடுத்தார்கள். முதல் நாளிலிருந்து இன்றுவரை இடைவிடாமல் நடித்துவரும் ஒரே கலைஞர் என்று அதில் பொறித்திருந்தது. தொகுத்து வழங்கிய பெண் மைக்கை நீட்டி, "எப்படி சார் இவ்ளோ இயல்பா பண்றீங்க?" என்று கேட்டாள். கேலியா நிஜமா என்று அவருக்கு விளங்கவில்லை. எல்லாம் கர்த்தருடைய கிருபை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவர் அவர். வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா. அந்தக் குரலைக் கேட்டால் சின்னப் பிள்ளைகள் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்த்த யாரோ ஒருவர் சென்னையில் இருந்த யாரிடமோ சொல்ல, வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போனார். போன வேகத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். தொடர் ஓடும்வரை படத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், அதுவரைக்கும் வேறு எந்தத் தொடரிலும் தலைகாட்டக் கூடாது என்று அதில் இருந்தது. செத்துப்போன சபாபதி பக்கத்துச் சேனலில் காபி குடித்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கு மனசு ஒப்புமா? ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார். தொடர் என்றால் தொடரத்தானே செய்யும். இது வாத்தியார் மூளைக்கு எட்டவில்லை. ஏரோதுவின் குரல் அப்படியே தொண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது.

ஊரில் பட்டது வேறு. சபைக் குருவானவர், அந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள், ஒருநாள் ஆராதனை முடிந்ததும் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நற்கருணை எடுக்குத சபையார் நீங்க. ஒங்க படத்துக்குப் பொட்டு வச்சு வெளக்கு ஏத்துதாங்களே, இது நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். ஏற்றுகிறவர்கள் ஏற்றினால் நான் என்ன செய்ய, செத்த ஆள் தடுக்க முடியுமா என்று ஹெப்ரான் கேட்டதை ஐயர் ரசிக்கவில்லை. சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்குத் தேர்தல் வந்தபோது ஹெப்ரான் நின்றார். எதிரணி ரொம்ப மெனக்கெடவில்லை. ஆவிக்குரிய சபைக்கு ஆவியே உறுப்பினரா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. வாத்தியாருக்கு அவர் வீட்டு ஓட்டோடு இன்னும் கொஞ்சம் விழுந்தது.

மார்க்கெட்டில் பூ விற்கும் தங்கத்தாய்க்கு அவர் உயிரோடு இருப்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் விடமாட்டாள். "அய்யா, ஒங்களுக்கு வெசம் வச்சது தம்பிதாம்னு ஒங்களுக்கே தெரியுமா தெரியாதா?" என்று பூவை அளந்துகொண்டே கேட்பாள். தெரியாது என்பார். "பாவம், அந்தப் புள்ளைக்கு யாரு சொல்லுவா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட ஒரு கண்ணி பூ சேர்த்து வைப்பாள்.

இதெல்லாம் போகட்டும். அவருக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது வீட்டில். மனைவி பியூலா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை. அந்த நேரம் வந்தால் செடிக்குத் தண்ணீர் விட எழுந்து போய்விடுவாள். மழை பெய்தாலும் போவாள். புருஷன் படத்துக்கு மாலை தொங்குவதைத் தினம் பார்க்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? கொழும்பில் இருக்கும் அவளுடைய அத்தை மகள் ஒருத்தி, பாதித் தொடரைப் பார்த்துவிட்டு நிஜமென்று நம்பிப் போன் பண்ணி ஒப்பாரி வைத்தாள். அன்றைக்குப் பியூலா அவரிடம், "நடிக்கணும்னு போனீய. நடிக்கத்தான் இல்ல. சாகவாவது ஒழுங்காச் செத்தீயளா, அதுவும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவர், "ஒருநாள் அந்தத் தொடருல நான் உயிரோட திரும்பி வருவேன், அன்னைக்கு நீ பாப்ப" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது இது ஒன்றுதான். ஒரே ஒரு நாள் உயிரோடு வர வேண்டும், வாயைத் திறந்து பேச வேண்டும், அதைப் பியூலா பார்க்க வேண்டும்.

கர்த்தர் செவிகொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஆனி மாதம், தொடரைப் பார்க்கிறவர்கள் குறைந்துபோக, புதிதாக அஃப்சல் என்று ஓர் இளவட்டத்தை இயக்குநராகப் போட்டார்கள். அவன் ஹெப்ரானுக்குப் போன் செய்தான்.

"சார், நான் ஸ்கூல் படிக்கும்போதிலிருந்து உங்க போட்டோவப் பாக்குறேன். இன்னிக்கும் செட்ல உங்களுக்கு விளக்கேத்திட்டுத்தான் முதல் ஷாட். ஒரு நல்ல சேதி. உங்கள உயிரோட கொண்டு வரப்போறோம்."

வாத்தியார் போனை நல்ல காதுக்கு மாற்றிக்கொண்டார். அஃப்சல் கதையைச் சொன்னான். ஆடி அமாவாசைக்கு மரகதம் அப்பாவுக்குத் திதி கொடுக்கத் தாமிரபரணிக்கு வருகிறாள். பெண்ணே திதி கொடுப்பது பெரிய புரட்சி, அதற்கே கைதட்டல் வரும். அவள் எள்ளும் தண்ணீரும் விடும்போது ஆற்றுக்குள்ளிருந்து ஓர் உருவம் எழுந்து வருகிறது. அப்பா. விஷம் குடித்தவரை ஆற்றில் எறிந்தார்கள், யாரோ காப்பாற்றினார்கள், நினைவு தப்பி எங்கேயோ இருந்தார், அதையெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம். ஒரே ஒரு வசனம். 'யாருக்கும்மா திதி கொடுக்கிறே? நான் உயிரோடதான் இருக்கேன்.'

"அப்ப எரிச்சது யாரத் தம்பி? ஒரு வாரம் சாவு காட்டினாங்களே" என்று வரலாற்று வாத்தியார் கேட்டார்.

"அதெல்லாம் யாருக்கு சார் ஞாபகம் இருக்கு?"

பியூலாவிடம் சொன்னபோது அவள் அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்த கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நெசமாவா சொல்லுதீய?" என்றாள். பிறகு, "நான் வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் ஹெப்ரானுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவள் எழுந்து நின்று, என் வீட்டுக்காரர் உயிரோடு திரும்பி வரப்போகிறார், ஸ்தோத்திரம் என்றாள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். செத்து நாலாம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசருவின் சகோதரிகளைப் பற்றி ஓர் அம்மாள் கொஞ்சம் விரிவாகவே ஜெபித்தார்.

வாத்தியார் தயாரானார். தலைக்கு மை போட்டார், தொப்பைக்காக மூன்றாவது சப்பாத்தியை நிஜமாகவே விட்டார். அந்த ஒற்றை வசனத்தைக் கோபமாகச் சொல்லிப் பார்த்தார், குழைந்து சொல்லிப் பார்த்தார், 'திதி'யில் ஒரு மூச்சு நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். குளிக்கும் அறைக்குள்ளிருந்து நான் உயிரோடதான் இருக்கேன் என்று சத்தம் வரவும் பால்காரன் பயந்து போனான்.

இந்த இடத்தில் மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா?

சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது கூட வருகிற சிநேகிதர் ஆவுடைநாயகம், தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சைவப் பிள்ளை. தொடரை ஒரு நாள் விடாமல் பார்க்கிறவர். சேதியைக் கேட்டு நடையை நிறுத்தினார்.

"சார்வாள், இதுல ஒரு சிக்கல் இருக்குவே. ஒமக்குக் கருமாதி செஞ்சாச்சு. வருசாவருசம் பிண்டம் வச்சாச்சு, காக்கா தின்னாச்சு. இப்பம் நீரு பாட்டுக்கு ஈர வேட்டியோட வீட்டுக்குள்ள போயிர முடியுமா?"

"வேற என்ன அண்ணாச்சி செய்யணும்?"

"கருமாதி முடிஞ்ச ஆளு திரும்பி வந்தாம்னா அவன் செத்தவன் செத்தவன்தான். மறுபடி பொறக்கணும்னு சாஸ்திரம் இருக்குன்னு எங்க அய்யா சொல்லுவாக. பச்சப்புள்ளைக்குச் செய்யுத சடங்கு பூரா அவனுக்குச் செய்யணும். பேரு வைக்கணும். சோறு ஊட்டணும். கடேசில, அவன் பொண்டாட்டிக்கு அவனே திரும்பத் தாலி கட்டணும். அவ தாலிய எறக்கியாச்சுல்லா."

ஹெப்ரானுக்குச் சுருக்கென்று ஒரு ஆசை தைத்தது. ஒரே வசனம் என்று இருந்த இடத்தில் இப்போது பிறப்பு இருக்கிறது, பெயர் வைப்பது இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது. மாதக்கணக்கில் வாயைத் திறந்துகொண்டே இருக்கலாம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார்.

"எதுக்கு இது? ஆத்துல இருந்து எந்திரிச்சி வந்தாப் போதாதா ஒங்களுக்கு?" என்று பியூலா தடுத்தாள்.

"ஒரு வசனத்தப் பேச விட்டுட்டு, மறுபடி மூலையில ஒக்கார வச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு பியூலா."

"கெடச்சத வச்சிக்கிட்டு இருங்க. கூட்டிக் கூட்டிப் போட்டா கணக்கு தப்பிப்போவும்."

அவர் கேட்கவில்லை. ஆவுடைநாயகம் சொன்னதை ஒரு வரி விடாமல், நடுவில் கொஞ்சம் வரலாறும் சேர்த்து, அஃப்சலிடம் ஒப்பித்தார்.

"கல்யாணமா சார்?" என்றான் அஃப்சல். "அம்மாவுக்கும் அப்பாவுக்கும், மகளே நடத்தி வைக்கிற கல்யாணம். சார், இத வச்சு தீபாவளி வரைக்கும் ஓட்டலாம் சார். நீங்க தெய்வம்."

அதன்பிறகு அவனிடமிருந்து போன் இல்லை. இவர் அடித்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். பெரிய காரியம் என்றால் பெரிய மீட்டிங் நடக்கத்தான் செய்யும் என்று வாத்தியார் தனக்கே சொல்லிக்கொண்டார். கடைசியில் படப்பிடிப்புத் தேதி மட்டும் வந்தது. குறுக்குத்துறைப் படித்துறை, காலையில் வரச் சொல்லி ஒரு தகவல்.

அன்றைக்குப் படித்துறையில் தேர்க்கூட்டம். வள்ளியூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஆடி மாதத்துத் தண்ணீர் கலங்கலாக, இழுப்போடு போய்க்கொண்டிருந்தது. கயிறு கட்டிக் கூட்டத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பியூலா பட்டுச்சேலை கட்டி, சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். தங்கத்தாய் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். ஹெப்ரான் வெள்ளை வேட்டியும் துண்டுமாக உள்ளே போனார். கயிற்றோரம் காவலுக்கு நின்ற பையன்கள், படத்தில் பார்த்த முகமென்று தெரியாமல், வேடிக்கை பார்க்கிறவங்க அங்கிட்டுப் போங்க என்றார்கள். நான் சபாபதி என்றார். அவர்கள் திரும்பி, நிழலில் நின்ற பெரிய வண்டியைப் பார்த்தார்கள்.

அந்த வண்டியிலிருந்து ஒருவர் இறங்கினார். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த முகம்தான். ஒரு காலத்தில் சினிமாவில் கதாநாயகன். குடை பிடிக்க ஓர் ஆள், விசிற ஓர் ஆள். அவரும் வெள்ளை வேட்டி கட்டித் துண்டு போட்டிருந்தார்.

அஃப்சல் ஓடிவந்து ஹெப்ரானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நல்ல பையன்தான், கண் கலங்கியிருந்தது.

"சார், உங்க ஐடியாவ சேனல்ல சொன்னேன். எல்லாரும் எழுந்து கைதட்டினாங்க. ஆனா கல்யாணம்னு வந்ததும் ஒரு முகம் வேணும்னுட்டாங்க."

"எனக்கு முகம் இல்லியா தம்பி?"

"உங்களுக்கு இருக்கிறது மாலை போட்ட முகம் சார். அதுக்கு மணமாலையப் போட்டாலும் ஜனங்களுக்கு அந்த மாலைதான் தெரியும். மங்கலமா இருக்காதுன்னுட்டாங்க."

"அப்ப நான் உயிரோட வரல."

"வர்றீங்க சார். அவரா வர்றீங்க. போட்டோவையும் மாத்திட்டோம்."

ஹெப்ரான் பார்த்தார். திதி கொடுக்கும் இடத்தில் சாய்த்து வைத்திருந்த சட்டத்துக்குள், அவருடைய அதே மாலைக்கும் அதே சந்தனப் பொட்டுக்கும் நடுவில், அந்த நடிகர் சிரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் செத்துக் கிடந்து சம்பாதித்த சாவும் போயிற்று. மனுஷனுக்கு ஆத்திரம் வந்தது. அஃப்சலை அறைய வேண்டும்போல இருந்தது. அப்படியே தன்னையும் ஓர் அறை அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது, ஏனென்றால் போனை எடுத்துக் கல்யாணம் பேசியது அவர்தானே. மண்டையில் மை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாயே கோட்டிக்காரா என்று தன்னையே வைதுகொண்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பியூலா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவளிடம் போய் என்ன சொல்வது என்பதுதான் பெரும் வேதனையாக இருந்தது.

கயிற்றை நோக்கி நடந்தார். அதற்குள் நடிகர் கையசைக்க, கூட்டம் கயிற்றோடு சேர்ந்து முன்னால் வந்தது. தங்கத்தாய் முதல் ஆளாக நின்றாள். தினம் பூ அளந்து கொடுத்தவள், பன்னிரண்டு வருஷம் அவருக்காகக் கண்ணைத் துடைத்தவள். இவளாவது தனக்காக நியாயம் கேட்பாள் என்று அவர் நினைத்தார். தங்கத்தாய் அந்த நடிகரையே பார்த்து, "எங்க அய்யா வந்துட்டாவ. எத்தன வருசமாச்சு" என்று விம்மினாள். பிறகு ஹெப்ரானைக் கையால் ஒதுக்கினாள். "வாத்தியாரய்யா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அய்யா மொகம் மறைக்கி."

அவர் தள்ளி நின்றார். பியூலா பக்கத்தில் வந்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கணக்கு டீச்சர். சட்டத்திலிருந்த படத்தைப் பார்த்தாள், நடிகரைப் பார்த்தாள், புருஷன் தலையில் போட்டிருந்த மையைப் பார்த்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். அவ்வளவுதான். நான் அப்பமே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு பேரும் படி ஏறும்போது அஃப்சல் மூச்சிரைக்க ஓடிவந்தான். நடிகர் தண்ணீரில் காலை வைத்துப் பார்த்தாராம். குளிர்கிறதாம், இழுக்கிறதாம். அவருக்குச் சைனஸ், முங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"முதுகு மட்டும் போதும் சார். ஆத்துக்குள்ள பாறை மேல காமிரா வச்சிருக்கோம். முங்கி எழுந்து படித்துறைப் பக்கமா நடந்து வரணும், அவ்ளோதான். முகத்த இங்க கரையில வச்சு அவரோடத எடுத்துக்குவோம். சார், நான் கேக்கவே கூடாது, தெரியும்."

கேட்கக் கூடாததுதான். ரோஷமுள்ளவன் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பான். ஹெப்ரானும் துப்பத்தான் நினைத்தார். ஆனால் ஆற்றைப் பார்த்தார். பாறை மேல் காமிரா நிஜமாகவே அவருக்காகக் காத்துக்கொண்டு நின்றது. இத்தனை வருஷத்தில் அவரை அசையச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முதுகுக்காவது உயிர் வரட்டுமே என்று தோன்றிவிட்டது.

"செத்த நில்லு பியூலா" என்று துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

தண்ணீர் இடுப்பளவு வந்ததும் திரும்பி நின்றார். படியில் சித்ரலேகா எள்ளும் தர்ப்பையுமாக உட்கார்ந்திருந்தாள். திதி செய்து வைக்கும் புரோகிதர் மந்திரத்தைத் தொடங்கினார். அஃப்சல் ஆக்‌ஷன் என்றதும் ஹெப்ரான் முங்கினார். உள்ளே ஒரே இருட்டு, காதில் ஆற்றின் சத்தம் மட்டும். மூச்சு முட்டும்வரை இருந்தார். எழுந்தார்.

எழுந்தபோது தண்ணீர் வழிந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தவள் பியூலா. கயிற்றைத் தாண்டிப் படியில் இறங்கி, சித்ரலேகாவுக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முங்கினவர் எழத் தாமதமானதில் பயந்து வந்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது. ஹெப்ரான் நடந்தார். சித்ரலேகா எழுந்து அப்பா என்று அலறினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மைக் இல்லை, காமிராவுக்கு முதுகு, ஒருத்தருக்கும் அவர் வாய் தேவைப்படவில்லை. ஏரோதுவின் குரல் அடைப்பு எடுத்ததுபோல வந்தது.

"பியூலா, நான் உயிரோடதான் இருக்கேன்."

படித்துறைக் கல்லெல்லாம் அதிர்ந்தது என்று தங்கத்தாய் பிற்பாடு சொன்னாள். பியூலா விறுவிறுவென்று பட்டுச்சேலையோடு தண்ணீருக்குள் இறங்கி, துண்டை அவர் தலையில் போட்டுத் துவட்டினாள். அழுதுகொண்டேதான் துவட்டினாள். தலையில் போட்ட மை பூராவும் துண்டில் இறங்கியது.

"கட்" என்றான் அஃப்சல். "யாருப்பா அந்தம்மாவ ஃப்ரேமுக்குள்ள விட்டது? மேடம், நீங்க யாரு?"

"இவரு வீட்டுக்காரி" என்றாள் பியூலா, திரும்பாமல்.

அஃப்சல் தலையைச் சொறிந்தான். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வண்டிக்குள்ளிருந்து நடிகர் எத்தனை நேரமாகும் என்று கேட்டனுப்பியிருந்தார். "சார், ரொம்ப நல்லா வந்துச்சு. ஆனா அவங்க உள்ள வந்துட்டாங்க. இன்னொரு தடவை மட்டும் போகலாமா?"

ஹெப்ரான் பியூலாவைப் பார்த்தார். நடிக்க வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. அவளுக்குத் தெரியாதா? துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"போய் முங்கிட்டு வாங்க" என்றாள். "ஆனா இந்தத் தடவ வாயத் தொறக்காதீய. அவங்க வேற ஆள வச்சிப் பேசிக்கிடட்டும். எனக்குச் சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சுல்லா."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி சாவதற்காக ஆற்றுக்குள் இறங்கினார்.